பன்னீர் அண்டாவுக்கு டிரெயின் வால்வு: கேஸ் அடுப்பில் ஏற்றும் வாலைக்கு (ஆவியில் வடிக்கும் பாத்திரத்துக்கு)ப் பொருத்தும் முறை

ஓர் ஈடு வெட்டிவேர் வடித்து முடித்ததும் அண்டாவின் அடியில் எட்டு, ஒன்பது லிட்டர் கொதிநீர் மிஞ்சும். கடுங்காப்பி நிறம், அடியில் வேர்த்தூளும் மண்ணும் கலந்த சேறு. இதை இரண்டு பேர் ஆளுக்கொரு காதாகப் பிடித்துச் சாய்த்துக் கொட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். பிடித்துணி நனைந்து ஒருவர் கை வழுக்கினால் அத்தனை கொதிநீரும் காலில்தான் விழும். ஆறட்டும் என்று விட்டால் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் சேறு அடியில் இறுகிவிடும், அன்றைக்கு இரண்டாவது ஈடு போட முடியாது. ஒரு டிரெயின் வால்வு இருந்தால் இந்தக் கொதிநீர் மூன்று, நான்கு நிமிடத்தில் வாளிக்குப் போய்விடும்.

ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் வைப்பதுபோல இதைச் செய்யக்கூடாது. அடியில் கேஸ் நெருப்பு இருக்கிறது. வால்வு கெடுவதும், ஒழுகுவதும், அண்டா வெறுமையாகிக் கருகுவதும் பெரும்பாலும் நெருப்பை மறந்து வால்வு வைப்பதால்தான். கீழே சொல்லும் அளவுகளில் பாதிக்கு மேல் வால்வை நெருப்பிலிருந்து காப்பதற்கானவை.

தொடங்குமுன் ஒன்று. இது பன்னீர், வெட்டிவேர் நீர், ஓமத் தீநீர், துளசி நீர், எலுமிச்சம்புல் எண்ணெய் போன்றவற்றை வெறும் தண்ணீரின் ஆவியில் வடிப்பவர்களுக்கான முறை. சாராயம் வடிப்பது 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதோடு, எரியும் ஆவி வரும் பாத்திரத்துக்குக் கீழே திறந்த நெருப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. அதற்கு இந்தக் கட்டுரையைப் பயன்படுத்தாதீர்கள்.

எந்த அண்டா

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அருமையான செம்பு அண்டாக்கள் கிடைக்கின்றன. வீட்டுப் பரணிலேயே ஒன்று இருக்கவும் கூடும். வடிப்பதற்குச் செம்பு நல்ல உலோகம். ஆனால் வால்வு வைக்க அதைத் துளைக்காதீர்கள். உள்ளே பூசிய ஈயம் வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். பற்றவைப்பு ஜுவாலை பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு வழிந்துவிடும், பிறகு ஈயம் பூசுபவரைத் தேட வேண்டும். பழைய ஒட்டுகளில் காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அந்த அண்டாவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். துளை போடுவதற்கு எவர்சில்வர் அண்டா வாங்குங்கள்.

வாங்கும்போது 304 தரம் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து மட்டும் 304 என்று முடிவு செய்யக்கூடாது. 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. போர்வெல் தண்ணீரில் உப்பு இருந்தால் 202-ல் புள்ளி புள்ளியாகத் துரு குழி விழும், அதிலும் வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் விழும். தகட்டுக் கனம் 1.2 மிமீ, அதாவது 18 கேஜ், குறைந்தபட்சம். 1.5 மிமீ கிடைத்தால் இன்னும் நல்லது.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது உள்விட்டம் 38 செமீ, உயரம் 44 செமீ உள்ள 50 லிட்டர் அண்டா. இதில் ஒரு செமீ உயரத்துக்கு 1.13 லிட்டர் பிடிக்கும். இந்த ஓர் எண்ணை அண்டாவின் வெளியிலேயே எழுதி வையுங்கள். எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, எப்போது அடுப்பை நிறுத்துவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும். உங்கள் அண்டா வேறு அளவு என்றால் உள்விட்டத்தைச் செமீயில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுங்கள்.

உள்ளே 16 செமீ உயரக் கால்களில் சல்லடைத் தட்டு, அதற்குக் கீழே 16 லிட்டர் தண்ணீர் (14 செமீ), தட்டுக்கு மேலே வேரோ பூவோ. பூவைத் தண்ணீரிலேயே போட்டு வடிப்பவர்களும் உண்டு. டிரெயின் வால்வு வைத்த அண்டாவில் அது சரிப்படாது. வெந்த ரோஜா இதழ் ஈரத்துணிபோல வால்வின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வால்வு எந்த இடத்தில்

அடியின் நடுவில் வைத்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடியும். ஆனால் அங்கேதான் பர்னர் இருக்கிறது. ஆகவே பக்கச்சுவரில், அடியிலிருந்து துளையின் மையம் 45 மிமீ உயரத்தில். இதற்குக் கீழே போனால் அடிவளைவில் வாஷர் படியாது, நட்டும் இடிக்கும். மேலே போனால் மிச்சத் தண்ணீர் கூடும்.

எந்தப் பக்கம் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அண்டாவை அடுப்பில் ஏற்றி, கேஸ் டியூபும் சிலிண்டரும் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வால்வு அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வர வேண்டும். கொதிநீர் தெறித்தாலும் டியூபின் மேல் படக்கூடாது. நீங்கள் வால்வைத் திறக்கக் குனியும்போது உங்கள் முகம் அடுப்புக்கு மேலே இருக்கக்கூடாது. அண்டாவின் காதுகளுக்கு நேர் கீழேயும் வேண்டாம், தூக்கும்போது முழங்கால் இடிக்கும்.

துளையின் கீழ்விளிம்பு அடியிலிருந்து 35 மிமீ உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே தேங்கும் தண்ணீர் ஏறக்குறைய 4 லிட்டர். வால்வு வைத்தும் 4 லிட்டரைச் சாய்த்துத்தான் கொட்ட வேண்டும் என்றால் வேலை பாதிதான் முடிந்தது. இதற்குத் தீர்வு, உள்பக்கம் ஓர் எல்போவை (வளைந்த குழாய்த் துண்டை)த் திருகி அதன் வாய் கீழ்நோக்கி, அடியிலிருந்து 8 மிமீ உயரத்தில் நிற்கும்படி வைப்பது. வடியத் தொடங்கிவிட்டால் எல்போவின் வாய் வரை உறிஞ்சி எடுத்துவிடும், மிச்சம் ஒரு லிட்டருக்குள் அடங்கும். நடுவில் வால்வை மூடித் திறந்தால் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். ஆகவே துளை மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கிய பிறகு வால்வைத் தொடாதீர்கள். எல்போவின் வாயை 8 மிமீக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், சேறு அடைத்துவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்

வால்வு முக்கால் இன்ச், எவர்சில்வர் பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை சுற்றித் திறக்கும் வகை), ஃபுல் போர். அரை இன்ச் மலிவு, ரோஜாவுக்குப் போதும். வெட்டிவேருக்கு அது பத்தாது. இரண்டு அங்குல வேர்த்துண்டு ஒன்று குறுக்கே மாட்டினால் போதும், மற்ற தூசியெல்லாம் அதில் சேர்ந்து அடைத்துவிடும். ஃபுல் போர் என்றால் உள்ளிருக்கும் உருண்டையின் துளை குழாயின் துளை அளவே, அதாவது 20 மிமீ இருக்கும். சாதாரண வால்வில் துளை குறுகலாக இருக்கும், கடையிலேயே திறந்து விரலை விட்டுப் பாருங்கள். உடலில் சிஎஃப்8 என்று வார்ப்பில் பொறித்திருந்தால் 304-க்கு இணையானது, சிஎஃப்8எம் என்றால் 316-க்கு. கூடவே 1000 டபிள்யூஓஜி என்று இருக்கும். அது அழுத்தம் தாங்கும் அளவு, வெப்பம் தாங்கும் அளவு அல்ல. மூன்று துண்டாகக் கழற்றும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை போல்ட்டைக் கழற்றி உள்ளே துடைக்கலாம், டெஃப்லான் வளையம் மட்டும் மாற்றலாம்.

மரை விஷயத்தில் கவனம் வேண்டும். நம் கடைகளில் வழக்கமாக இருப்பது பிஎஸ்பி எனும் பிரிட்டிஷ் அளவு மரை. வெளிநாட்டு இணையக் கடைகளில் வருவது பெரும்பாலும் என்பிடி எனும் அமெரிக்க அளவு. முக்கால் இன்ச்சில் இரண்டுக்குமே ஒரு அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும். மரையின் கோணம் வேறு, 55 டிகிரியும் 60 டிகிரியும். எத்தனை டேப் சுற்றினாலும் சூட்டில் ஒழுகும். எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில், பிஎஸ்பி என்று சொல்லி வாங்குங்கள். கடையிலேயே கையால் திருகிப் பார்த்துவிடுங்கள்.

மற்றவை: 6 இன்ச் நீள முக்கால் இன்ச் எவர்சில்வர் நிப்பிள் (இரு முனையிலும் வெளிமரை உள்ள குழாய்த் துண்டு) ஒன்று, உள்பக்க எல்போ ஒன்று, வால்வின் வெளிவாய்க்கு இன்னொரு எல்போவும் குட்டை நிப்பிளும், டெஃப்லான் டேப் இரண்டு உருளை. வெல்டிங் செய்வதானால் எவர்சில்வர் சாக்கெட்டும் (உள்மரை உள்ள குட்டைக் குழாய்), 80 மிமீ விட்டமுள்ள 2 மிமீ வட்டத் தகடும். வெல்டிங் இல்லாமல் என்றால் எவர்சில்வர் டேங்க் நிப்பிள் (துளையில் நுழைத்து நட்டுப் போட்டு இறுக்கும் குழாய்த் துண்டு), அதற்கு 3 மிமீ கனச் சிலிக்கோன் வளையங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் வேண்டாம், ஒரே மாதத்தில் பிசுபிசுத்து, பன்னீரில் சைக்கிள் டியூப் வாசனை வரும்.

ஜிஐ நிப்பிள் மலிவு என்று போட்டுவிடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டிலும் புளிப்பிலும் கரையும். பித்தளை வால்வு எவர்சில்வர் அண்டாவில் ஓடும், ஆனால் அலுமினியப் பால் கேனில் பித்தளையை நேரடியாகத் திருகினால் கேன்தான் அரித்துப் போகும். ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்னும் இந்த மின்வேதி அரிப்பு காரைக்குடிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) 1953 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஆறு இன்ச் நிப்பிள் எதற்கு

வால்வை அண்டாவை ஒட்டியே வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் அடியில் பட்டு விரியும் ஜுவாலை சுவரை ஒட்டி மேலே ஏறும் இடமும் அதுதான். வால்வுக்குள் உருண்டையைப் பிடித்திருப்பது டெஃப்லான் வளையம். கொதிநீர் அதற்கு ஒன்றும் செய்யாது. நேரடி ஜுவாலை பட்டால் இளகி வடிவம் மாறும், 260 டிகிரிக்கு மேல் போனால் கெடத் தொடங்கி நச்சுப்புகையும் விடும்.

இன்னொன்றும் நடக்கும். வால்வை மூடும்போது உருண்டையின் துளைக்குள் இரண்டு டீஸ்பூன் அளவு தண்ணீர் சிறைப்படும். ஜுவாலை பட்டால் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் கொதிக்கும், டெஃப்லான் வளையத்தைப் பிதுக்கித் தள்ளும். அடுத்த ஈட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கும். புதிதாக வைத்த வால்வு ஒரு மாதத்தில் ஒழுகுகிறது என்று கொண்டு வருபவர்களின் வால்வைக் கழற்றினால் அண்டாவைப் பார்த்த பக்கத்து வளையம் மட்டும் பிதுங்கியிருக்கும், மறுபக்கத்து வளையம் புதிதுபோல இருக்கும்.

எவர்சில்வர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். 6 இன்ச் தள்ளி, ஜுவாலை படாமல் வைத்தால் வால்வின் சூடு கொதிநீரின் சூட்டைத் தாண்டாது. அதைவிட நீளம் வேண்டாம். வால்வு அரைக் கிலோவுக்கு மேல் கனம். நிப்பிள் நீள நீள யாராவது கால் இடித்தால் 1.2 மிமீ தகடு நெளிந்துவிடும். நிப்பிளுக்கும் ஜுவாலைக்கும் நடுவே உள்ளங்கை அகல எவர்சில்வர் தகடு ஒன்றை இரண்டு விரல்கடை இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். பர்னர் 20 முதல் 22 செமீக்குள் இருக்கட்டும். ஜுவாலை அடியின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தால் கேஸும் வீண், வால்வுக்கும் கேடு.

பிடியில் போட்டிருக்கும் நீல அல்லது சிவப்பு பிளாஸ்டிக் உறையை இப்போதே உரித்து எறிந்துவிடுங்கள்.

துளை போடுதல்

டேங்க் நிப்பிளுக்கு 26.5 மிமீ துளை வேண்டும். முக்கால் இன்ச் பிஎஸ்பி ஆண்மரையின் வெளிவிட்டம் 26.44 மிமீ. சாக்கெட் வெல்டிங் என்றால் கையில் இருக்கும் சாக்கெட்டை வெர்னியரில் அளந்து, அது இறுக்கமாக நுழையும் அளவு. சாக்கெட்டுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே அளக்காமல் துளை போடாதீர்கள்.

மையத்தில் பஞ்ச் வைத்துக் குழி, 3 மிமீ துளை, பிறகு 6 மிமீ, அப்புறம் ஹோல் சா (வட்டமாக வெட்டும் ரம்பம்). உள்பக்கம் ஒரு மரக்கட்டையை யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையேல் தகடு உள்வாங்கும். எவர்சில்வரைத் துளைப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு வேகம். டிரில் கத்தும், பிட் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு சுற்றும், அந்த இடம் நீலம் பாய்ந்து கண்ணாடிபோல் இறுகிவிடும். பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று, நல்ல அழுத்தம், விடாமல் கட்டிங் ஆயில். அது இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் விட்டாலும் சமாளிக்கலாம். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாக வெட்டுகிறது. தூளாகவோ புகையாகவோ வந்தால் நிறுத்தி ஆறவிட்டு, வேகத்தைக் குறையுங்கள்.

துளை விழுந்ததும் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் அரத்தால் மழுக்கி, உப்புத்தாள் போடுங்கள். விரல் நுனியைச் சுற்றி ஓட்டினால் எங்கும் பிடிக்கக்கூடாது. விட்டுவிட்ட ஒரு பிசிறு போதும், சிலிக்கோன் வளையத்தைக் கீறிவிடும்.

வெல்டிங்கா, டேங்க் நிப்பிளா

முடிந்தால் வெல்டிங். ஆர்கான் வெல்டிங் போடும் பட்டறைக்கு அண்டாவையே எடுத்துச் செல்லுங்கள். சாதாரண ராடு வெல்டிங் 1.2 மிமீ தகட்டை ஓட்டை போட்டுவிடும். பட்டறையில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, வட்டத் தகட்டை முதலில் சுவரின் வளைவுக்கு வளைத்து வைத்து, அதற்கு மேல் சாக்கெட். வால்வின் கனத்தைத் தாங்குவது அந்தத் தகடுதான். இரண்டு, 308எல் ஃபில்லர் கம்பி. மூன்று, உள்பக்கமும் ஆர்கான் விட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள். உள்ளே வெறும் காற்று இருந்தால் பற்றின் மறுபக்கம் கருத்துப் பொரிந்து, கருகிய சர்க்கரைபோல் ஆகிவிடும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். வெல்டிங் போடும்போது சாக்கெட்டில் ஒரு பழைய நிப்பிளைத் திருகி வைத்தால் மரை கோணாது.

எண்ணெயோ ரசாயனமோ இருந்த பழைய டிரம்மை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துப்போய் வெல்டிங் வைக்காதீர்கள். கழுவிய டிரம்மும் வெடித்திருக்கிறது.

வந்ததும், பற்றைச் சுற்றி வானவில் நிறமாக இருக்கும் பகுதியை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, அண்டாவில் தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து, சூடாக்கி அரை மணி நேரம் விடுங்கள். எவர்சில்வரின் மேல் இருக்கும் காப்புப் படலம் வெல்டிங் சூட்டில் போயிருக்கும். ஒட்டியிருக்கும் இரும்புத் துகளை இது கரைத்து எடுக்கும், படலமும் திரும்ப உருவாகும்.

வெல்டிங் வசதி இல்லையென்றால் டேங்க் நிப்பிள். இங்கே ஒரு நுணுக்கம். சுவர் வளைந்தது, வாஷர் தட்டையானது. 38 செமீ விட்டத்தில் 40 மிமீ வாஷர் வைத்தால் ஓரத்தில் ஒரு மிமீ இடைவெளி நிற்கும். அந்த ஒரு மிமீயை அடைப்பது சிலிக்கோன் வளையத்தின் வேலை, அதனால்தான் 3 மிமீ கனம். வளையத்தை உள்பக்கம் வையுங்கள். வெளியே வைத்தால் ஜுவாலையின் சூடு தாக்கும். உள்ளே தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அது 100 டிகிரிக்கு மேல் சூடாகவே முடியாது. நட்டை, வளையம் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் வளையம் வெளியே வழுக்கிப் போகும்.

மற்ற மரைகளுக்கு டெஃப்லான் டேப், ஆண்மரையின் வாயை உங்கள் பக்கம் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் 6 முதல் 8 சுற்று. முதல் மரையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் டேப் நுனி உள்ளே தொங்கி வால்வில் மாட்டும். கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரை சுற்று. எவர்சில்வர் மரையில் எவர்சில்வர் மரையை டேப் இல்லாமல் திருகினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். உள் எல்போவின் வாய் கடைசியில் நேர் கீழே பார்க்க வேண்டும். தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பாதீர்கள், கழற்றி புது டேப் சுற்றி மீண்டும் போடுங்கள்.

சோதனை

முதலில் பச்சைத்தண்ணீர். வெளியே பற்றையும் நட்டையும் சுற்றி சாக்பீஸ் தூளைத் தடவி, அண்டாவை வாய் வரை நிரப்பி இரவு முழுதும் விடுங்கள். ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் வெள்ளைத் தூளில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பிறகு கொதிநீர். 16 லிட்டர் ஊற்றி, மூடி போடாமல் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறவிட்டு, நட்டை மறுபடி கால் சுற்று இறுக்குங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது முதல்முறை எல்லா ஃபிட்டிங்கும் கொஞ்சம் தளரும். இன்னொரு தடவை கொதிக்கவைத்து ஒரு சொட்டும் இல்லையென்றால்தான் பூவைப் போடலாம். சொட்டும் ஃபிட்டிங்கை அடுப்பு எரியும்போது இறுக்காதீர்கள். ஸ்பேனர் வழுக்கி நிப்பிள் கழன்றால் 16 லிட்டர் கொதிநீரையும் தடுக்க எதுவும் இருக்காது.

வடிக்கும் நாள்

அண்டாவைப் பின்கட்டிலோ கொல்லையிலோ காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு பரவி வடிகாலிலும் பள்ளத்திலும் தங்கும். கொதிநீரை வடிக்கும் கால்வாய்க்குப் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தாதீர்கள். கேஸ் நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906-க்குப் போன் செய்யுங்கள்.

மழைநீர் இருந்தால் அதையே ஊற்றுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் வளவு முற்றத்தில் விழும் மழையைப் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகப் படியும், வால்வின் உருண்டையிலும் படியும். பிடியைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருவது அதனால்தான்.

இனி மிக முக்கியமான ஏற்பாடு. அண்டாவில் தண்ணீர் நிரப்பி வால்வை மூடியதும், பிடியின் நட்டைக் கழற்றி, பிடியை உருவி எடுத்து, ஒரு கயிற்றில் கட்டி கேஸ் ரெகுலேட்டரில் தொங்கவிடுங்கள். அடுப்பு எரியும்போது யாரும் கைதவறி வால்வைத் திறக்க முடியாது. வடித்து முடித்துத் திறக்க வேண்டும் என்றால் ரெகுலேட்டருக்குப் போய்த்தான் பிடியை எடுக்க வேண்டும். போன கையோடு கேஸை மூடிவிடுவீர்கள். குழந்தைகள் ஓடும் வீட்டில் இதைச் செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

வெளியே எவ்வளவு பன்னீர் வந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் உள்ளே குறைந்திருக்கும். 16 லிட்டரில் 8 லிட்டர் வந்துவிட்டால் உள்ளே மட்டம் 7 செமீ. டேங்க் நிப்பிளின் நட்டு மேல்விளிம்பு ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் சிலிக்கோன் வளையம் தண்ணீரை விட்டு வெளியே வந்து ஆவியிலும் சூடான சுவரிலும் காயும். காய்ந்த வேரையோ இலையையோ போட்டிருந்தால் அதுவும் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், ஒரு லிட்டர் முன்பாகவே நிறுத்தலாம். வாசனையில் பெரும்பகுதி அதற்குள் வந்திருக்கும்.

நிறுத்தும் வரிசை மாறக்கூடாது. முதலில் ஆவியைக் குளிரவைத்துப் பன்னீராக்கும் குளிர்குழாயின் நுனியைப் பன்னீர்ப் பாத்திரத்திலிருந்து வெளியே எடுங்கள். பிறகு கேஸ். நுனி பன்னீரில் மூழ்கியிருக்கும்போது அடுப்பை அணைத்தால் உள்ளே ஆவி சுருங்கி, வடித்த பன்னீரையே திரும்ப அண்டாவுக்குள் இழுத்துவிடும். அரை நாள் வேலை ஒரு நிமிடத்தில் போய்விடும். இருபது நிமிடம் கழித்து, மூடியைச் சுற்றிப் பூசிய மைதாப் பசையை உடைத்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்குங்கள், ஆவி அந்தப் பக்கம் போகட்டும். மூடி திறந்த பிறகுதான் வால்வு. மூடியிருக்கும்போது திறந்தால் தண்ணீர் வெளியேற வெளியேற உள்ளே காற்றுப் போகப் போதிய வழியில்லாமல் தகடு உள்வாங்கி நெளியலாம். இல்லையென்றால் வால்வு வழியாகவே குடுகுடுவென்று காற்று ஏறி, கொதிநீர் தெறித்து விழும்.

வால்வின் வெளி எல்போவுக்குக் கீழே எவர்சில்வர் வாளி, பாதிக்கு மேல் நிரப்பாமல். இருபது நிமிடம் ஆறினாலும் தண்ணீர் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். 60 டிகிரியே சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். தோட்டத்துப் பிளாஸ்டிக் ஹோஸைச் செருகாதீர்கள், சூட்டில் இளகி, பாதி வடியும்போது கழன்று பாம்புபோல் துள்ளும். கட்டாயம் ஹோஸ் வேண்டும் என்றால் சிலிக்கோன் ஹோஸ், கிளிப் போட்டு. வால்வை முதலில் கால்வாசி திறந்து, சேறு கலந்த முதல் பீச்சல் போன பிறகு முழுதும் திறங்கள்.

கோளாறும் காரணமும்

தண்ணீர் மெல்லிய நூலாக வருகிறது என்றால் உள் எல்போவின் வாயில் வேர் அடைத்திருக்கிறது. கம்பியை வெளியிலிருந்து குத்தினால் டெஃப்லான் வளையம் கிழியும். மேலிருந்து நீளமான அகப்பைக் காம்பால் எல்போவின் வாயைத் தட்டி விடுங்கள். மறுமுறை நடக்காமல் இருக்க, சல்லடைத் தட்டின் துளை 3 மிமீக்கு மேல் இருக்கக்கூடாது. தட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்தினை அடைக்காமல் விட்டுவிடுவார்கள், வேர் இறங்குவது பெரும்பாலும் அந்தச் சந்து வழியாகத்தான்.

ரோஜாப் பன்னீரில் வெட்டிவேர் வாசனை வருகிறதா? உருண்டையின் பின்புறக் குழியில் போன ஈட்டின் நீர் தங்கியிருக்கிறது. பால் வால்வை முழுதாகத் திறந்தாலும் முழுதாக மூடினாலும் அந்தக் குழி கழுவப்படாது. வெந்நீர் ஊற்றி, வால்வைப் பாதி திறந்த நிலையில் வைத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், பிடியை ஐந்தாறு தரம் முன்னும் பின்னும் அசையுங்கள். பூ மாற்றும் ஒவ்வொரு முறையும் இது கட்டாயம்.

மூடியிருக்கும்போதே பிடித்தண்டின் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் அங்கே இருக்கும் சிறு நட்டைக் கால் சுற்று இறுக்கினால் நின்றுவிடும். வெளிவாயில் சொட்டினால் உள் வளையம் போய்விட்டது; மாற்ற வேண்டும். வெளிவாயில் பிளக் திருகி அடைத்துச் சமாளிக்காதீர்கள். வால்வுக்கும் பிளக்குக்கும் நடுவே சிறைப்படும் தண்ணீர் சூடேறி விரிய இடமில்லாமல் எதையாவது உடைத்துத்தான் வெளியேறும்.

பத்து ஈட்டுக்கு ஒருமுறை, போர்வெல் தண்ணீர் என்றால் ஐந்துக்கு ஒருமுறை, 5 லிட்டர் வெந்நீரில் 250 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, வால்வைப் பாதி திறந்து வாளியில் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். வெள்ளைப் படிவு நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் ஓடவிடாதீர்கள். அந்தக் கல் சிமெண்டில் வார்த்தது, புளிப்பு பட்டால் மேல் வழவழப்பு அரித்து நிறம் வெளுத்துவிடும். வெட்டிவேர்ச் சாறு வழிந்தாலும் கறை இறங்கிவிடும், உடனே பச்சைத்தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும். வடிந்த சக்கையும் நீரும் ஆறிய பிறகு தென்னைக்குப் போகலாம். சூடாக வேரில் ஊற்றக்கூடாது.